‘உராய்வு’ என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்: பட்டாசு ஆலைப் பாதுகாப்பு குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கும், பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சிவகாசி அலுவலர்களுக்கும் வணக்கம்.

2025 ஜூலை 1ஆம் தேதி காலை, சிவகாசியை அடுத்த சின்னக்காமன்பட்டியில் வேலை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே வெடி விபத்து நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டியில் நிகழ்ந்தது. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும், 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இறந்த விபத்துகளை எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இப்போது எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் அறைக் கூலியாளாகத் தொடங்கி, வேலையை மேற்பார்க்கும் போர்மேனாக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இரங்கல் தெரிவிப்பது என் நோக்கமன்று. விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணை எதைத் தேடுகிறது, எதைத் தேடாமல் விடுகிறது என்பதைப் பற்றித் தங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் செய்தித்தாளில் வரும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: வெடிமருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு. அதன்பின் உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் வழக்குப் பதிவாகும், போர்மேன் முதலில் கைதாவார், ஆலைக்குச் சீல் வைக்கப்படும், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். உராய்வு நடந்திருக்கும் என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. ஆனால் கையால் சலித்து, கையால் கலந்து, கையால் குழாயில் செலுத்தும் ஒரு தொழிலில் உராய்வு நாள் முழுவதும் இருந்துகொண்டேதான் இருக்கும். அன்று அந்த அறையில் எத்தனை கிலோ மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், அந்த மருந்து எப்போது கலக்கப்பட்டது, கலந்தவருக்குக் கூலி எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டது, அந்த ஆலையை உண்மையில் நடத்தியவர் யார் ஆகிய கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் ஒரு பொறி எப்படிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பது விளங்கும்.

மருந்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். தங்கள் அலுவலர்களுக்கு இது தெரியும், ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவை தனித்தனியே இருக்கும்வரை ஓரளவு சாதுவானவை. ஒன்றாகச் சேர்ந்து, சல்லடையில் சலிக்கப்பட்டு, உலர்ந்த நிலையில் ஓரிடத்தில் குவிந்த பிறகு, அவை எரிவதற்கு வெளியிலிருந்து காற்றுக்கூடத் தேவையில்லை, ஏனெனில் வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே கொடுத்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன் கலந்து முடிக்க வேண்டும் என்பதற்காகக் கலவைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். சிறிது நேரத்தில் அவர்களுடைய கைகள் முழங்கை வரை வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல் ஆகிவிடும். புருவத்திலும் காதோரத்திலும் அந்தப் பவுடர் படிந்திருக்கும். அந்தத் தூள் ரப்பர் விரிப்பின் மடிப்புகளிலும், வாசற்படி இடுக்கிலும், சுவர் விளிம்பிலும் நாள்தோறும் சேரும். அதைத் துடைத்து எடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி கிடையாது என்பதால், அது பெரும்பாலும் யாருடைய வேலையாகவும் இருப்பதில்லை.

இதைவிட ஆபத்தானது மிச்ச மருந்து. ஈரப்பதத்தோடு இருக்கும் அலுமினியக் கலவை தானாகவே வினைபுரியத் தொடங்கும், சூடாகும், அமோனியா வாயுவை வெளியிடும். அன்று கலந்ததை அன்றே செலுத்தி முடிக்க வேண்டும், மிஞ்சினால் முறைப்படி அழிக்க வேண்டும் என்பது ஆலையில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கலந்த மருந்து காசு கொடுத்து வாங்கிய சரக்கு. மாலையில் மிஞ்சியதை, வடித்த சோற்றை மறுநாளைக்கு மூடி வைப்பதுபோல், பிளாஸ்டிக் வாளியில் வைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மறுநாள் காலை முதல் ஆளாக அந்த வாளியைத் திறப்பவர் மூக்கில் காரமான நெடி ஏறினால், உள்ளே வினை தொடங்கிவிட்டது என்று பொருள். காலை வேளை விபத்துகளை விசாரிக்கும்போது, முந்தைய நாள் மாலை எவ்வளவு கலந்தார்கள், எவ்வளவு செலுத்தினார்கள், மிச்சம் எங்கே போயிற்று என்பதைப் பதிவேட்டிலிருந்தும் உயிர் தப்பியவர்களின் வாய்மொழியிலிருந்தும் எடுத்து எழுதுமாறு தங்கள் அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அப்படியொரு பதிவேடே பல ஆலைகளில் இல்லை என்றால், அந்த இன்மையையும் எழுத வேண்டும்.

அந்த நெடியைப் பற்றி நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையில், மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்த ஒரு பெண் காலையில் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, வாளியில நெடி அடிக்குது, தொட்டாச் சுடவும் செய்யுது” என்றார். அந்த அறையையும் பக்கத்து அறைகளையும் காலி செய்யச் சொன்னேன். வாளி தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று, எவருக்கும் எதுவும் ஆகவில்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டபோது அந்த அறைகளில் இருந்தவர்களுக்கு அன்று செய்த வெடிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, எனவே கூலியும் குறைந்திருந்தது. நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை. மற்றப் பெண்கள் அவரை ஏசியதை நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எந்த வாளியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம், ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம் என்று 41-எச் பிரிவு அவருக்கு உரிமை தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒரு பெண் அந்த உரிமையைப் பயன்படுத்தினால் அன்றைய கூலியை இழக்கிறார், கூட வேலை பார்ப்பவர்களின் கூலியையும் இழக்கச் செய்கிறார். ஆகவே, ஆபத்தைச் சொல்லி வேலை நிறுத்தப்பட்ட நேரத்துக்கு, முந்தைய வாரத்தின் சராசரிக் கூலியை நிர்வாகம் கொடுத்தாக வேண்டும் என்பதை மாநில விதிகளிலேயே எழுதுங்கள். இந்த ஒன்றைச் செய்தால், பயிற்சி வகுப்பில் பல மணி நேரம் பேசியும் வராத எச்சரிக்கை உணர்வு தானாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆய்வுக்குப் பின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும் ஆலைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். விதிமீறல் செய்தது நிர்வாகம், ஆனால் ஆலை மூடப்பட்டால் கூலி இழப்பது தொழிலாளி. தங்கள் ஆய்வாளர் உள்ளே நுழையும்போது, கூடுதல் ஆட்களாக மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் பின்பக்க வழியாக ஓடுவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? நிர்வாகத்தின் மேல் உள்ள பாசத்தினால் எவரும் முள்வேலி தாண்டுவதில்லை. உரிமம் நிறுத்தப்பட்ட காலத்துக்கு உரிமதாரர் கூலி வழங்க வேண்டும் என்ற நிபந்தனை உரிமத்திலேயே இருந்தால், அந்தத் தொழிலாளர்கள் ஆய்வாளருக்கே சாட்சிகளாக இருப்பார்கள்.

ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, வெடிபொருள் துறையினர் வகுத்த விதிகளில் மிகச் சிறந்தது என்று நான் கருதுகிறேன். தவறு நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அப்படி நடந்தால் எத்தனை பேரை இழப்போம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டும் விதி அது. அறைகளுக்கு இடையே இடைவெளி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், அறையில் இருக்க வேண்டிய மருந்தின் உச்ச அளவு ஆகிய எல்லாமே அந்தச் சிந்தனையில் பிறந்தவைதான். ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்ற அறிவுரையின் மேல் அவை நிற்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் உற்பத்தி நெருக்கும்போது முதலில் மீறப்படுவதும் இவைதான். அறைக்குள் ஆறு பேர், ஏழு பேர், வெளியே வேப்பமரத்தடியில் பத்துப் பேர், இரண்டு அறைகளுக்கு நடுவே காயவைத்த வெடிகள் என்று ஆகிவிட்டால், வரைபடத்தில் இருக்கும் இடைவெளி தரையில் இல்லாமல் போகிறது. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் போக அந்தக் காயவைத்த வெடிகளே வழி அமைத்துக் கொடுக்கின்றன.

ஆகவே ஆய்வுகளை எப்போது செய்வது என்பதும் முக்கியம். மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளை ஒட்டி உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, பதாகை கட்டப்படுகிறது, சில ஆலைகளில் கோலப் போட்டிகூட உண்டு. எனக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை, கோலம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தங்கள் அலுவலர்களின் கால் பதிய வேண்டியது ஆவணி, புரட்டாசி மாதங்களில், காலை ஆறரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே, கலவை அறையின் வாசலில்.

அங்கே நிற்கும்போது ஒரு பொருளைக் கூர்ந்து பாருங்கள். உள்ளே நுழைபவர் உடம்பில் சேர்ந்த நிலைமின்னூட்டம் தரைக்குப் போவதற்காக வாசலில் தாமிரத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பல இடங்களில் அந்தத் தகடு களிம்பேறிப் பச்சையாகிக் கிடக்கும். அதிலிருந்து இறங்கும் கம்பி பாதியிலேயே அறுந்திருப்பதையும் கண்டிருக்கிறேன். கம்பி சரியாக இருந்தாலும், எங்கள் கரிசல் மண் கோடையில் வெடித்து வறண்டு போகும் என்பதால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்னூட்டம் தரைக்குள் இறங்குவதற்கான தடை ஏறிவிடும். தகடு இருக்கிறதா என்ற கட்டத்தில் சரி என்று குறிப்பதோடு நின்றுவிடாமல், கருவியை வைத்து அளந்து, அளவை அந்தத் தகட்டின் அருகிலேயே தேதியோடு எழுதி வைக்கச் செய்யுங்கள். நைலான் சேலையும் பாலியஸ்டர் சட்டையும் ஆபத்து, பருத்தி உடுத்திவர வேண்டும் என்கிறோம். வாரக் கூலியில் குடும்பம் நடத்தும் ஒருவர் வேலைக்கென்று தனியாகப் பருத்தி உடை வாங்குவார் என்று எதிர்பார்ப்பதைவிட, ஆலையே தைத்துக் கொடுத்து, ஆலையிலேயே துவைத்து வைப்பதுதான் நடக்கக் கூடியது.

கூலி முறைக்கு வருகிறேன். ஒட்டுதல், பெட்டியில் அடைத்தல் போன்ற வேலைகளுக்கு எண்ணிக்கைக் கூலி இருப்பதைப் பற்றி வேறு கருத்துகள் இருக்கலாம், அவற்றை இங்கே பேசவில்லை. ஆனால் மருந்து கலப்பவருக்கும் செலுத்துபவருக்கும் எண்ணிக்கைக் கூலி கொடுப்பது, அபாயத்தைக் கூலி கொடுத்து வாங்குவதாகும். விரைவாக முடித்தால் வீட்டுக்குப் போகலாம், இன்னொரு ஆலையில் இன்னொரு கலவையும் போடலாம் என்ற நிலையில் இருப்பவரிடம் மெதுவாகச் சலி என்று எந்தப் போர்மேனும் சொல்ல முடியாது, சொன்னாலும் அவர் கேட்கும் நிலையில் இல்லை. இவ்விரண்டு வேலைகளுக்கும் நாள் கூலி கட்டாயம் என்று விதி செய்யுங்கள். அதோடு கலவை வேலையை மனிதக் கையிலிருந்து விடுவிப்பதும் இனியும் தள்ளிப்போட முடியாதது. கெட்டிச் சுவருக்கு அப்பால் நின்றுகொண்டு இயக்கக் கூடிய எளிய கலவை இயந்திரத்தைச் சிறு ஆலைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் வடிவமைத்துத் தருவது, பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் சிவகாசியிலேயே இருக்கும்போது முடியாத காரியமா? பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு பசுமைப் பட்டாசுக்கான கலவைகள் ஆராய்ந்து வகுக்கப்பட்டன. வானத்துப் புகையைக் குறைக்க எடுத்துக்கொண்ட அந்த அக்கறை, கலவை அறையில் உட்கார்ந்திருப்பவர் பக்கமும் திரும்ப வேண்டும்.

இனி எல்லாருக்கும் தெரிந்தும் எவரும் எழுத விரும்பாத குத்தகை விவகாரம். எங்கள் பக்கம் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று மூன்று வகையாகச் சொல்வோம். 15 கிலோ வரையிலான சிறு உரிமம் மாவட்ட நிருவாகம் தருவது, பெரியவை பெசோவின் நாக்பூர், சென்னை அலுவலகங்கள் தருபவை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகையாகப் பிரித்துக் கொடுக்கப்படுவது சட்டவிரோதம் என்பது மூன்று வகைக்கும் பொது. அச்சன்குளம் விபத்துக்குப் பிறகு இது நாடு முழுவதும் பேசப்பட்டது. உள்குத்தகைக்காரருக்கு அந்த ஆலை சில மாதக் காரியம் என்பதால் ரப்பர் விரிப்பிலும் எர்த் குழியிலும் அவர் முதலீடு செய்ய மாட்டார், பக்கத்து அறையில் இன்னொருவர் எதைக் கலக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஆவணங்களைப் புரட்ட வேண்டிய தேவை இல்லை. சனிக்கிழமை மாலை சம்பளம் போடும் நேரத்தில் ஆலைக்குள் போய் நில்லுங்கள். ஒரே வளாகத்தில் மூன்று பேர் மூன்று இடத்தில் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுத்தால், அங்கே மூன்று முதலாளிகள் இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள பெயர்களையும் அன்று கூலி வாங்க வரிசையில் நிற்பவர்களையும் ஒப்பிட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

புதிய சட்டத் தொகுப்பு குறித்து ஒரு கவலை உண்டு. பழைய சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தாத இடத்தில் 20 தொழிலாளர்கள் இருந்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 40. மருந்து அறைகளில் மின்சாரம் இல்லாதிருப்பதே பாதுகாப்பு என்ற இந்தத் தொழிலில், சிறு ஆலைகள் பல இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழக் கூடியவை. அபாயகரமான வேலை நடக்கும் இடம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்தால் நிறுவனங்களுக்கான ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்ற வழியும் அதே தொகுப்பில் இருப்பதால், பட்டாசுத் தொழிலுக்கு அத்தகைய அறிவிக்கையைக் கேட்டுப் பெறுவது தங்கள் துறையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்தவர்கள் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். எங்கள் ஊர்களில் சத்தம் கேட்டால் ஓடி வருவார்கள், வராமல் இருக்க அவர்களால் முடியாது, உள்ளே இருப்பது அவர்களுடைய மகளோ மச்சானோ. எனவே ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் சேமிப்புக் கிடங்கு இருக்கிறது, யார் உள்ளே போகலாம் என்பதைத் தீயணைப்புத் துறையுடன் சேர்ந்து ஆண்டுதோறும் ஒத்திகையாக நடத்துங்கள். இதற்குச் செலவு அதிகம் இல்லை.

பயிற்சி குறித்து நிறையச் சொல்லப்பட்டுவிட்டது. சிவகாசியில் தங்கள் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது, போர்மேன்களும் கண்காணிப்பாளர்களும் போகிறார்கள். அங்கே பாடமாக வைக்க வேண்டியது எங்கள் மாவட்டத்திலேயே நடந்த விபத்துகளின் விவரங்கள். ஆனால் அந்த விவரங்கள் யாருக்கும் கிடைப்பதில்லை. பெரிய விபத்து ஒவ்வொன்றுக்கும் குழு அமைக்கப்படுகிறது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்கூடக் குழு அமைத்திருக்கிறது, அறிக்கைகள் எழுதப்படுகின்றன. ஆனால் பக்கத்து ஆலையின் போர்மேன் அவற்றைத் தமிழில் படித்து, “இது நம் மூன்றாம் நம்பர் அறையிலும் நடக்கக் கூடியதுதானே” என்று நினைக்க வழியே இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். ஆட்களின் பெயரையும் ஆலையின் பெயரையும் நீக்கிவிட்டு, எந்தக் கலவை, எவ்வளவு அளவு, எத்தனை பேர், எந்த வரிசையில் தீ பரவியது என்பதை மட்டும் வெளியிட்டால் எந்த வழக்குக்கும் பாதகம் வராது. உயிர்ச்சேதம் இல்லாமல் பொசுங்கி அணைந்த சம்பவங்களையும் அதே போல் சேகரியுங்கள். அவற்றைத் தெரிவிக்கும் ஆலைமீது அந்த ஒரு காரணத்துக்காக நடவடிக்கை வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் அவை வெளியே வரும், இப்போது அவை சாம்பலோடு சேர்த்துக் கூட்டித் தள்ளப்படுகின்றன.

இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் குழந்தைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்ததை எங்கள் பகுதியில் நன்றியோடு வரவேற்றார்கள். அந்தத் திட்டத்தில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்கள் இரு துறைகளுடையது.

தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் அறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள், பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். அடுத்த முறை அந்தப் பூஜை நடப்பதற்குள், 2012 முதல் இன்றுவரை நிகழ்ந்த விபத்துகளின் விசாரணை முடிவுகளைத் தமிழில் தொகுத்து, ஒவ்வொரு ஆலையின் அலுவலக அறையிலும் தொழிலாளர்கள் எடுத்துப் படிக்கும்படி ஒரு பிரதி வைக்கச் செய்யுங்கள். நாள் கூலி பற்றியும் நிறுத்தக் காலக் கூலி பற்றியும் முடிவெடுக்கத் தங்களுக்குச் சிறிது காலம் தேவைப்படலாம், தொழிற்சங்கங்களையும் உற்பத்தியாளர் சங்கங்களையும் கலந்து பேச வேண்டியிருக்கும். தொகுப்பை அச்சிட அப்படி யாருடைய சம்மதமும் தேவையில்லை, அதற்கான தாள்கள் தங்கள் அலுவலக அலமாரிகளிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டாசு ஆலைப் போர்மேன்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.